பள்ளிக்கூடத்து வானொலியும் மறைத்து வைத்த ஏவுதளமும்

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களால் உயர்தரமான அறிவியல் ஆராய்ச்சி செய்ய முடியுமா? "அதுக்கெல்லாம் முதல்ல டிகிரி வேணும், அப்புறம் டாக்டர் பட்டம், அப்புறம் பெரிய ஆய்வுக்கூடம்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் விஞ்ஞானி அல்லன், வியாபாரி. எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிப் படிப்பை முடித்து, மீதியைப் புத்தகங்களில் தேடிப் படித்தவன். ஆகவே சூத்திரங்களுக்குள் அதிகம் போகாமல், விஷயத்தை விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

மேதைகள் இருவர்

பள்ளிப் பருவத்திலேயே ஆராய்ச்சி செய்தவர்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் கணித மேதைகள். பிரான்சு நாட்டின் கால்வா பாரிசில் லூயி லெ கிராந் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1829இல், அவருடைய முதல் கணிதக் கட்டுரை அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 17. அப்பள்ளியில் ரிஷார் என்ற கணித ஆசிரியர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டு ஊக்குவித்தார். மூன்றே ஆண்டுகளில், 1832இல், ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு கால்வா மாண்டார்.

இன்னொருவர் நம்மவர். 1903ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனுக்குக் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக இருந்தன. பதினாறு வயதுப் பையன் அவற்றைத் தானே நிறுவிப் பார்க்கத் தொடங்கினான், அதற்கு அப்பாலும் போனான். ஆனால் அவன் கண்டவற்றில் எது ஏற்கெனவே தெரிந்தது, எது புதிது என்று எடுத்துச் சொல்லக் கூடியவர் அருகில் இல்லை. முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவர 1911 வரையிலும், ஹார்டியின் கண்ணில் பட 1913 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விருவரையும் காட்டினால், "அவங்க தெய்வப் பிறவி சார், நம்ம வீட்டுப் பசங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மேதைகளை வைத்துப் பொது விதி வகுக்க முடியாது. எனவே மேதை என்று யாரும் பெயர் சூட்டாத மாணவர்கள் கூடிச் செய்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். அது நடந்த இடம் இங்கிலாந்து, ஆண்டு 1966.

கெட்டரிங் ஊரின் பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் கெட்டரிங் என்று ஒரு நடுத்தர ஊர். பூட்ஸ், செருப்புத் தயாரிப்புக்குப் பேர்போன பகுதி அது. அங்கே கெட்டரிங் கிராமர் ஸ்கூல் என்ற ஆண்கள் பள்ளி இருந்தது. பதினொரு வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி. ஆகையால் நன்றாகப் படிக்கக்கூடிய பையன்கள்தாம். ஆனால் அப்படிப்பட்ட பள்ளிகள் அந்நாட்டில் அப்போது நூற்றுக்கணக்கில் இருந்தன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்பள்ளியில் டெரெக் ஸ்லேட்டர் வேதியியல் ஆசிரியர், ஜெஃப்ரி பெர்ரி இயற்பியல் ஆசிரியர். ஸ்லேட்டருக்கு அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு உண்டு. 1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை ஏவியது. 58 செ.மீ. விட்டமுள்ள அந்த உலோகப் பந்து 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் 'பீப், பீப்' என்று ஒலித்துக்கொண்டே உலகைச் சுற்றியது. அந்த ஒலியை ஸ்லேட்டர் மாணவர்களோடு சேர்ந்து பள்ளியிலேயே பிடித்துக் கேட்டார்.

கேட்டு வியந்ததோடு பலரும் நிறுத்திக்கொண்டார்கள். உலகெங்கும் எத்தனையோ பேர் ஸ்புட்னிக்கைக் கேட்டார்கள். கெட்டரிங்கில் நடந்தது என்னவென்றால், பெர்ரி அந்த ஒலியைப் பாடமாக்கினார். வானத்தில் போகும் பொருளை வைத்து டாப்ளர் விளைவை மாணவர்களுக்கு நேரடியாகக் காட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1960க்குப் பிறகு சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்பது பள்ளியின் தொடர்ந்த வேலையாகவே ஆகிவிட்டது. கருவி என்று பார்த்தால் ஒரு சிற்றலை வானொலி, ஓர் ஏரியல் கம்பி, ஒரு கடிகாரம், குறிப்பெழுத ஒரு நோட்டு. அவ்வளவே.

ஒலியிலிருந்து ஓட்டத்தை அறிதல்

டாப்ளர் விளைவு என்றால் என்ன? ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கும்போது விசில் ஊதிக்கொண்டே வரும் எஞ்சின் நம்மைக் கடக்கும் நொடியில் அதன் சுருதி சட்டென்று இறங்கும். நெருங்கும்போது ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். வானொலி அலைக்கும் இதே விதிதான். நொடிக்கு ஏறக்குறைய 8 கி.மீ. வேகத்தில் ஓடும் செயற்கைக்கோள் 20 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தால், வரும்போது சுமார் 500 ஹெர்ட்ஸ் வரை கூடியும், போகும்போது அதே அளவு குறைந்தும் நமக்குக் கேட்கும். சுருதி மிக வேகமாக இறங்கும் நொடி எதுவோ அதுவே செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் வந்த நொடி.

அந்த நொடியைக் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். அடுத்த சுற்றில் மறுபடியும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து அது பூமியைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் கிடைக்கும். நாள்தோறும் குறித்து வந்தால் கணக்கு இன்னும் நுட்பமாகும். நாளை எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நாள்வழிக் கணக்கில் ஒருநாள் வரவு ஒன்றையும் சொல்லாது. தினமும் விடாமல் எழுதிப் பேரேட்டில் ஏற்றினால்தான் எந்தச் சரக்கு நகர்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். கெட்டரிங் மாணவர்கள் எழுதியது வானத்தின் நாள்வழி.

காஸ்மாஸ் என்ற போர்வை

1962 மார்ச்சில் சோவியத் நாடு காஸ்மாஸ் என்ற வரிசையைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை ஏவும்போதும் டாஸ் செய்தி நிறுவனம் ஓர் அறிக்கை விடும். காஸ்மாஸ் இன்ன எண், சுற்றும் நேரம் இவ்வளவு, பூமத்திய ரேகைக்குச் சாய்வு இத்தனை பாகை, அறிவியல் கருவிகள் உள்ளன என்று இருக்கும். எதற்காக ஏவினார்கள் என்பது இருக்காது. எங்கிருந்து ஏவினார்கள் என்பதும் இருக்காது.

அவற்றில் ஒரு வகை சுமார் எட்டு நாளில் மௌனமாகிவிடுவதைக் கெட்டரிங் குழு கவனித்தது. அவை உண்மையில் பிற நாடுகளைப் படமெடுத்து, ஃபிலிமோடு தரையிறங்கும் உளவுக் கோள்கள்.

இவ்வகைக் கோள்கள் அதுவரை சுமார் 65 பாகை, 52 பாகை என்ற சாய்வுகளிலேயே சுற்றி வந்தன. அவை புறப்பட்ட இடம் இன்று கஜகஸ்தானில் இருக்கும் ட்யூராதாம். இந்த இடத்துக்குக் கூட சோவியத் அரசு நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளியிருந்த பைகனூர் என்ற வேறோர் ஊரின் பெயரைத்தான் சூட்டியிருந்தது.

1966 மார்ச் 17ஆம் தேதி காஸ்மாஸ் 112 ஏவப்பட்டது. சாய்வு 72 பாகை. புது எண். அதன் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கிப் பார்த்தபோது, அது ட்யூராதாமிலிருந்து புறப்பட்டதாக எப்படிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. "கணக்குல எங்கயோ தப்பு" என்று ஒதுக்கிவிட்டு மறுநாள் பாடத்துக்குப் போயிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. பொருந்தாததைப் பொருந்தாதது என்றே குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த கோள்களுக்காகக் காத்திருந்தனர்.

இரு கோடுகள் சந்திக்கும் இடம்

ஏவிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செயற்கைக்கோளின் பாதை வான்வெளியில் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, அதன் கீழே பூமி சுழல்கிறது. பூமி மணிக்கு 15 பாகை கிழக்கே திரும்புவதால், 92 நிமிடத்தில் ஒருமுறை சுற்றும் கோளின் தடம் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 23 பாகை மேற்கே தள்ளித் தள்ளி விழும். இன்று அது எங்கே போகிறது என்று தெரிந்தால், சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழித்து முதல் சுற்றின் தடத்துக்கு வந்துவிடலாம். ஏவிய இடம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்க வேண்டும்.

ஆனால் கோடு பல ஆயிரம் கி.மீ. நீளம். அதில் எந்தப் புள்ளி? ஒரே கோள் அதைச் சொல்லாது. அதே இடத்திலிருந்து வேறொரு சாய்வில் இன்னொரு கோள் புறப்பட்டால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே விடை.

அந்த இரண்டாம் கோடு ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது. 1966 அக்டோபர் 14ஆம் தேதி காஸ்மாஸ் 129 ஏவப்பட்டது. சாய்வு 65 பாகை. சாய்வைப் பார்த்தால் பழைய கோள்களைப் போலவே தெரியும். ஆனால் தடத்தைப் பார்த்தால் அதுவும் ட்யூராதாமோடு பொருந்தவில்லை. 72 பாகைக் கோட்டையும் 65 பாகைக் கோட்டையும் உலகப் படத்தில் வரைந்தபோது அவை வடக்கு ரஷ்யாவில், ஏறத்தாழ 63 பாகை வடக்கு அட்சத்தில் சந்தித்தன. அங்கே காடுகளுக்கு நடுவில் பிளெசெட்ஸ்க் என்ற சிற்றூர் இருந்தது. மாஸ்கோவுக்கு வடக்கே சுமார் 800 கி.மீ. தொலைவு. உலகுக்குச் சொல்லப்படாத ஓர் ஏவுதளம் அங்கே இயங்குகிறது என்பதே முடிவு.

எங்கள் சமண சமயத் தருக்க நூல்களில் 'நயம்' என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை அது. ஒரு நயம் பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. பல நயங்கள் சேரும்போதுதான் பொருளின் இயல்பு பிடிபடும் என்பார்கள். ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு இடத்தை அறிவிக்காமல் அந்தப் பள்ளி பொறுத்திருந்ததைப் படித்தபோது எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

1966ஆம் ஆண்டின் இறுதியில் பெர்ரி இதனை ஃப்ளைட் இன்டர்நேஷனல் என்ற வானூர்தி இதழின் வழியாக வெளியிட்டார். செய்தி உலகப் பத்திரிகைகளில் பரவியது. ஒரு வல்லரசின் இரகசிய ஏவுதளத்தை இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் ஒன்று கண்டுபிடித்துவிட்டது என்றால் யார்தான் வியக்க மாட்டார்கள்? சோவியத் அரசு மட்டும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு தளம் இருப்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983இல்தான். பள்ளி சொல்லி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தெரிந்தும் சொல்லாதவர்கள்

இங்கே ஒரு கேள்வி எழும். அமெரிக்காவுக்கு இது தெரியாதா? தெரியும். பிளெசெட்ஸ்க் 1957 முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்காகக் கட்டப்பட்ட தளம். 1960 மே 1ஆம் தேதி பெஷாவரிலிருந்து கிளம்பிய யு-2 உளவு விமானம் படமெடுக்க வேண்டிய இடங்களில் பிளெசெட்ஸ்கும் ஒன்று. அது அவ்வளவு தூரம் போகுமுன்பே ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி பவர்ஸ் சிறைப்பட்டார், பாரிசில் நடக்கவிருந்த வல்லரசுகளின் உச்சி மாநாடு குலைந்தது. பின்னர் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்கள் அந்தத் தளத்தைப் படமெடுத்தன. அந்தப் படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு விடுவிக்கப்பட்டது 1995இல்.

ஆக, வைத்திருந்தவனுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரு நாட்டுப் பொதுமக்களும் மற்ற உலகமும்தான். இரகசியம் யாரிடமிருந்து காக்கப்பட்டது என்று இப்போது விளங்கும். உளவு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டி வைத்த தகவலைத் தகவல் என்று சொல்லலாம், அறிவியல் என்று சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி, இப்படிக் கேட்டோம், இப்படிக் கணக்கிட்டோம் என்று வழியோடு சேர்த்துச் சொல்வதுதான் அறிவியல். அந்த வேலையைப் பள்ளிக்கூடம் செய்தது. சும்மா சொல்லக் கூடாது, பெரிய மனிதர்கள் செய்யத் தயங்கியதைப் பையன்கள் செய்தார்கள்.

பிற்காலத்தில் இக்குழுவில் வேறு நாட்டு ஆர்வலர்களும் சேர்ந்து 'கெட்டரிங் குழு' என்ற பெயர் நிலைத்தது. 1978 ஜனவரியில் அணு உலையோடு சுற்றிய காஸ்மாஸ் 954 கனடாவின் வடபகுதியில் விழுந்தபோது செய்தியாளர்கள் விளக்கம் கேட்டு ஓடியது பெர்ரியிடம். 1973இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அளித்திருந்தது. 1984இல் ஓய்வு பெறும் வரையிலும் அவர் பள்ளி ஆசிரியராகவே இருந்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். பிளெசெட்ஸ்கோ 1970களிலும் 80களிலும் உலகிலேயே மிக அதிகமான செயற்கைக்கோள்களை அனுப்பிய தளமாக விளங்கியது. பையன்கள் கண்டுபிடித்தது ஏதோ ஒரு மூலையிலிருந்த சின்ன விஷயம் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

மூன்று தேவைகள்

இந்த வரலாற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இது. பள்ளி மாணவர் ஆராய்ச்சி செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை. மூன்று தேவைகள் போதும்.

ஒன்று, விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இல்லாத ஒரு கேள்வி. காஸ்மாஸ் 112 எங்கிருந்து புறப்பட்டது என்று ஆசிரியருக்கும் தெரியாது, மாணவனுக்கும் தெரியாது. அந்த இடத்தில் இருவரும் சமம்.

இரண்டு, விடாமல் எழுதிய பதிவு. 1966இல் இரண்டு கோடு வரைவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அந்தக் கோடுகள் பழைய கோள்களைப் போல இல்லை என்று தெரிவதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகள் வேண்டும்.

மூன்று, கூட இருந்து கேட்கும் ஆசிரியர். கால்வாவுக்கு ரிஷார் கிடைத்தார். ராமானுஜனுக்குப் பள்ளி நாளில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அத்தகைய மேதையே பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது என்றால், சாதாரணப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் தேவை எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டில் ஒரு நல்ல தொடக்கம்

"வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கும், நம்ம ஊர்ல நடக்குமா?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டிலும் இந்த எண்ணம் இருந்தது. 1963இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு அறிவியல் திறன் தேடல் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டு தில்லியில் மட்டும் 10 உதவித்தொகை. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் 350. அத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவன் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. தானே செய்த ஒரு ஆய்வுத் திட்டத்தின் அறிக்கையையும் கொடுக்க வேண்டும், அதன் பிறகு நேர்காணல். 1976இல் திட்டம் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. விரிந்தது நல்லதே. ஆனால் தேர்வு முறையும் மாறி, ஆய்வு அறிக்கை போய், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் வந்தது. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒவ்வொருவருடைய அறிக்கையையும் படிப்பது எளிதல்ல, உண்மைதான். எனினும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து "நீ என்ன செய்தாய்?" என்று கேட்ட தேசம், "உனக்கு எத்தனை விடை தெரியும்?" என்று கேட்கும் தேசமாயிற்று. இழந்தது சிறிதன்று.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் நம் சங்க விழாவில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். நல்ல வழக்கம், தொடரட்டும். அதனோடு இன்னொரு பரிசையும் சேர்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஓர் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்றைத் தானே கவனித்து, நாள் தவறாமல் எழுதி வைத்த மாணவனுக்கோ மாணவிக்கோ அந்தப் பரிசு. மொட்டை மாடியில் பெய்த மழையின் அளவாக இருக்கலாம். தெருவோர மரம் தளிர்த்த நாள், பூத்த நாள், காய்த்த நாளாக இருக்கலாம். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இப்படி மரங்களைக் கவனித்து எழுதி வருகிறார்கள், பருவம் மாறுகிறதா என்று அறிய அந்தப் பதிவுகள் உதவுகின்றன. வானொலியில் ஈடுபாடுள்ள பிள்ளையானால் கெட்டரிங் வழியே வானத்தைக் கேட்கலாம்.

செலவு என்ன? ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, மாதம் ஒருமுறை உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டி "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் நம் சங்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். முதல் ஆண்டிலேயே ஏவுதளம் அகப்படாது. கெட்டரிங்கிலும் ஸ்புட்னிக்கைக் கேட்டதற்கும் பிளெசெட்ஸ்கைக் கண்டதற்கும் நடுவில் ஒன்பது ஆண்டுகள் ஓடின. முதல் பக்கத்தை இந்த ஆண்டே எழுதத் தொடங்கினால், பொருந்தாத எண் ஒன்று வந்து நிற்கும் நாளில் அதை அடையாளம் காண நம் பிள்ளைகளிடம் பழைய பக்கங்கள் இருக்கும்.